படித்தது புதுசு, கைக்கு வந்தது பழசு: திருகோணமலையில் ஒரு கணினித் தொழில்நுட்பப் பயிற்சி

திருகோணமலையில் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) முடித்த பிள்ளை இருக்கிற வீடுகளில், கணினி வன்பொருள் தொழில்நுட்பவியலாளர் பயிற்சி என்ற பெயர் எப்படியும் ஒரு தடவை அடிபடும். நான் அதைப் படித்து, கடையில் வேலைப் பயிற்சியும் முடித்து, சான்றிதழும் வாங்கியாயிற்று. சேரலாமா என்று கேட்கிறவர்களுக்குச் சேருங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு சேருங்கள். பாடத்திட்டம் புதுக் கணினி பொருத்தக் கற்றுக்கொடுக்கிறது. இந்த ஊரில் சோறு போடுவதோ பழைய கணினியைச் சாகவிடாமல் வைத்திருக்கிற வேலை.

இலங்கையின் தேசிய தொழில் தகைமை (என்.வி.கியூ.) முறையில் ஏழு மட்டங்கள் இருக்கின்றன. என்.வி.கியூ. 4 உடன் சான்றிதழ் நிலை முடியும், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். நான் படித்தது நான்காம் மட்டம். அரச நிலையம் என்பதால் கட்டணம் இல்லை. ஆறு மாதம் வகுப்பு, பிறகு ஆறு மாதம் வெளியே ஒரு கடையிலோ அலுவலகத்திலோ பயிற்சி. 2025 தொடக்கத்தில் சேர்ந்தேன்.

வகுப்பின் முதல் மாதங்கள் முழுக்கப் பொருத்துவதும் கழற்றுவதும்தான். மதர்போர்டைப் பெட்டிக்குள் வை, புரொசஸரைத் திசை பார்த்து இறக்கு, பேஸ்ட் பூசு, றாம் போடு, இயக்கு, கழற்று, மறுபடி பொருத்து. அலுப்பாக இருக்கும். ஆனால் கை பழகுகிறது, இருட்டிலும் றாமின் வெட்டு எந்தப் பக்கம் என்று விரல் கண்டுபிடிக்கும் அளவுக்கு. நெட்வேர்க் கேபிளுக்குத் தலை அடிக்கிற பாடமும் அப்படித்தான். வெள்ளைச்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைமண்ணிறம், மண்ணிறம் என்ற வரிசையை எங்கள் வகுப்பில் யாரும் இனி மறக்கமாட்டார்கள். வெள்ளைப்பச்சைக்குப் பக்கத்தில் பச்சையை வைக்காமல் ஏன் பிரிக்கிறார்கள் என்று கேட்டால்தான், படிப்பிக்கிற சேர் பழைய தொலைபேசி இணைப்புக் கதைக்குப் போவார். அந்த மாதிரிக் கேள்விகள் அவருக்குப் பிடிக்கும். கேளுங்கள்.

குறை என்றால் முதலில் கையேடு. எங்களுக்குக் கொடுத்த குறிப்புகளில் விண்டோஸ் 7 நிறுவுகிற படங்கள் இருந்தன. 2020 ஜனவரியிலேயே அதற்கான ஆதரவு நின்றுபோயிற்று. பிளொப்பி டிரைவுக்கென்று ஒரு பக்கம் முழுதாக ஒதுக்கியிருந்தார்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக இப்போது போடுகிற, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. பற்றி ஒரு பந்தி. ஒரு பெட்டிக்கு மூன்று பேர் என்பதால் கூச்சப்படுகிறவர்கள் பின்னால் நின்று பார்த்தே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். சேர் அதைக் கவனிக்காமல் இல்லை, என்ன செய்வது, பெட்டிகள் அவ்வளவுதான்.

லேப்பில் எனக்குப் பிடித்த இடம் கதவுக்குப் பின்னால் இருந்த மூலை. செத்த மதர்போர்டுகள், பவர் சப்ளைகள், திரை உடைந்த மடிக்கணினிகள் எல்லாம் அங்கே குவிந்து கிடந்தன. பாட நேரம் முடிந்தபிறகு அதில் எதையும் எடுத்துக் குடையலாம். வயிறு ஊதின கப்பாசிட்டரைக் கண்ணால் கண்டுபிடிக்கவும், சூடு வைத்துக் கழற்றவும் அங்கேதான் பழகினேன். சில வெள்ளிக்கிழமைகளில் சேர் நல்ல பெட்டி ஒன்றில் ரகசியமாகப் பழுது வைத்துவிட்டு எங்களைக் கண்டுபிடிக்கச் சொல்வார். றாமை அரைவாசி இழுத்துவிடுவார், ஃபேன் வயரைப் பிடுங்குவார், தீர்ந்துபோன சி.ஆர். 2032 பற்றரியைப் போட்டுவிடுவார். அந்தக் கடைசிப் பழுது தந்திரமானது. கணினி நன்றாக இயங்கும், ஆனால் திகதி பின்னால் போயிருக்கும், இணையத் தளங்கள் சான்றிதழ் பிழை சொல்லித் திறக்காது. நெட் பிரச்சினை என்று நினைத்து வயரை மாற்றிக்கொண்டே இருப்போம். திகதியை நினைவில் வைத்திருக்கிற அந்த மூன்று வோல்ட் பற்றரிதான் காரணம். இந்த விளையாட்டை வாரம் ஒருமுறை வைத்திருந்தால் இந்தப் பயிற்சிக்கு நான் முழுப் புள்ளியும் கொடுத்திருப்பேன்.

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு புகுந்ததால் என்று சொல்லி நாடு முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கும். அடுத்து வந்த வகுப்பில் சேர் பாடத்தை ஒத்திவைத்துவிட்டு, கரண்ட் போனாலும் கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிடுகிற யூ.பி.எஸ். ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி ஈய அமிலப் பற்றரி. எங்கள் ஊர்ச் சூட்டுக்கு இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும். ஆனால் பச்சை விளக்கு எரிகிறதே என்று ஆட்கள் நம்பிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் லேசர் பிரிண்டரை யூ.பி.எஸ்.ஸில் ஒருபோதும் மாட்டாதீர்கள் என்றார். அதன் சூடேற்றும் உருளை ஒரே இழுவையில் அவ்வளவு மின்சாரம் எடுக்கும். பிறகு கடைக்குப் போனபோது பார்த்தால், ஊரில் போட்டோகொப்பி, பிரிண்ட் எடுத்துத் தருகிற கொமினிகேசன் கடைகளில் பாதியில் அப்படித்தான் மாட்டியிருக்கிறார்கள். கொப்பி அடிக்கும்போதெல்லாம் யூ.பி.எஸ். கீச்சிடுகிறது என்று நம்மிடமே முறைப்பாடு வேறு.

வேலைப் பயிற்சிக்கு இடம் தேடுவதை நிலையம் செய்து தரும் என்று சொன்னார்கள். எங்கள் விஷயத்தில் ஒரு கடிதம் தந்தார்கள், அவ்வளவுதான். கடை கடையாக நாங்களே ஏறி இறங்கினோம். எங்கள் வகுப்பிலேயே ஈயம் வைப்பதில் கெட்டிக்காரி ஒரு பிள்ளை. அவளைப் பல கடைகளில், “பொம்பளப் பிள்ளை, சாமான் தூக்க ஏலாது” என்று சொல்லி அனுப்பினார்கள். தூக்குகிற சாமான் என்ன, ஒரு சி.பி.யூ. பெட்டி. கடைசியில் ஓர் அலுவலகத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் இடம் கிடைத்தது. அங்கே அவள் செய்த வேலையில் பெரும்பகுதி பிரிண்டரில் சிக்கின கடதாசி எடுப்பது. இவ்வளவு திறமையை வீணாக்கியதைத்தான் இந்தப் பயிற்சியின் பெரிய குறையாக நான் சொல்வேன்.

எனக்குக் கிடைத்தது நகரில் ஒரு சின்னத் திருத்தகம். நடத்துகிறவர் ஒரு நானா, முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். முதல் நாட்களில் ப்ளோவர் பிடித்துத் தூசி ஊதுவதும் தேத்தண்ணி வாங்கப் போவதும்தான். தினக்குறிப்புப் புத்தகத்தில் அன்றன்று செய்த வேலையை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். “தூசி ஊதினேன்” என்று எத்தனை நாள் எழுதுவது என்று கேட்டேன். “எந்தப் பெட்டி, எங்கேயிருந்து வந்தது, உள்ளே என்ன கண்டாய் எண்டு எழுது தம்பி” என்றார். எழுதத் தொடங்கினபிறகுதான் ஊரின் குணம் பிடிபட்டது.

திருகோணமலை நகரத்துக்கு ஒரு பக்கம் வெளிக்கடல், மறுபக்கம் உள்துறைமுகம். உப்புவெளி, நிலாவெளிப் பக்க விடுதிகளின் பெட்டிகளைத் திறந்தால் ஸ்குரூ எல்லாம் கறள் கட்டி இருக்கும், யூ.எஸ்.பி. வாய்களில் பச்சை பூத்திருக்கும். உப்புக் காற்று உள்ளே போய்ப் படியும், உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஈர உப்பு மின்சாரம் கடத்தும். வரவேற்பு மேசையைக் கடல் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிற விடுதிகளின் பெட்டிகள் மற்றவற்றைவிட முந்திக்கொண்டு வருகின்றன. வகுப்பில் நிலைமின் (உடம்பில் சேர்ந்து போர்டைச் சுட்டுவிடுகிற மின்சாரம்) பற்றி ஒரு முழுப் பாடம் நடந்தது, மணிக்கட்டுப் பட்டி எல்லாம் கட்டினோம். தவறில்லை, குளிரூட்டின அறைக்கு அது வேண்டும். ஆனால் உப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. நானா காட்டித் தந்தது எளிது: ஐசோப்ரொபைல் அல்கஹோல், பழைய பல்தூரிகை, பொறுமை. றாமின் தங்கக் கால்களுக்கு அழிறப்பர்.

பவர் சப்ளை சோதிப்பதிலும் இதே கதை. வகுப்பில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்து ஓடவிட்டு மீட்டர் வைப்போம். மஞ்சள் வயரில் 11.4 க்கும் 12.6 க்கும் இடையில் வோல்ட் காட்டினால் நல்லது என்று எழுதுவோம். கடையில் அப்படி நல்லது என்று நான் வைத்த ஒன்றை நானா வாங்கி, பெட்டியில் மாட்டி, சுமை ஏற்றிப் பார்த்தார். வோல்ட் சரிந்தது, பெட்டி அணைந்தது. சுமை இல்லாமல் எந்தச் சப்ளையும் நல்ல பிள்ளைதான்.

ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை தொடங்கினதும் றவுட்டர்கள் வரிசையாக வந்தன. பழைய செப்புத் தொலைபேசிக் கம்பி வழியாக இறங்குகிற மின்னல் றவுட்டரைச் சுட்டு, அங்கிருந்து கேபிள் வழியாகக் கணினியின் நெட்வேர்க் வாயையும் சுட்டுவிடும். மற்ற எல்லாம் வேலை செய்யும். இதற்கு மதர்போர்டு மாற்றுங்கள் என்று சொல்கிற கடைகளும் உண்டு. யூ.எஸ்.பி.யில் மாட்டுகிற ஒரு சின்ன அடாப்டர் போதும்.

அதே ஒக்டோபரில், 14 ஆம் திகதி, விண்டோஸ் 10 க்கான ஆதரவு முடிந்தது. திரை முழுக்க அறிவிப்பு வந்த பயத்தில் ஆட்கள் பெட்டியோடு வந்தார்கள். விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, புரொசஸர் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ. வந்த பெட்டிகளில் பெரும்பாலானவை மூன்றாம் நான்காம் தலைமுறை. டைப்செட்டிங் மட்டும் செய்கிறவருக்குப் புதுப் பெட்டி வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எஸ்.எஸ்.டி. போட்டு, றாமைக் கூட்டி, இருப்பதையே ஓடவிட்டோம், வங்கி வேலைகளை அதில் செய்யாதீர்கள் என்று எச்சரித்துத்தான். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போடலாமா என்று சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். பாமினி வேலை செய்யுமா என்பதுதான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி.

பாமினியைப் பற்றி வகுப்பில் யாருமே சொல்லவில்லை. எங்கள் பகுதியில் கலியாணக் கார்டிலிருந்து கோயில் நோட்டீஸ் வரைக்கும் இன்னும் நிறைய அதில்தான் கிடக்கிறது. அது யூனிகோட் இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தை ஒட்டிவைத்த எழுத்துரு. கணினியை ஃபோர்மட் பண்ணி, அந்த எழுத்துருவைத் திரும்பப் போடாமல் கொடுத்தால், வாடிக்கையாளர் கோப்பைத் திறக்கும்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். “என்ட ஃபைல் எல்லாத்தையும் வைரஸ் திண்டுட்டு” என்று சண்டைக்கு வருவார். அதனால் ஃபோர்மட்டுக்கு முன் எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்து எடுத்துவைப்பது எங்கள் கடையின் சட்டம். டெஸ்க்டொப்பும் அப்படித்தான். “எல்லாம் டி டிரைவ்ல இருக்கு தம்பி, நீங்க அடிங்க” என்பார்கள். நாலு வருட வேலை டெஸ்க்டொப்பில் கிடக்கும், அது இருப்பது சி டிரைவில்.

நவம்பர் கடைசியில் டித்வா புயல். மூதூர்ப் பக்கம் வெள்ளம் ஏறின வீடுகளிலிருந்து, பாதை சரியானபிறகு, சேறு அப்பின பெட்டிகளும் மடிக்கணினிகளும் வந்தன. கையேட்டில் தண்ணீர் பட்ட கணினிக்கு ஒரு பந்திகூட இல்லை. இயங்குதா என்று வீட்டிலேயே பிளக்கில் போட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்ததில் அனேகம் தேறவில்லை. போடாமல் கொண்டுவந்தவற்றின் பற்றரியைக் கழற்றி, போர்டை நல்ல தண்ணீரில் கழுவி, அல்கஹோல் ஊற்றி, பல நாள் காயவிட்டோம். சில எழும்பின. ஹார்ட் டிஸ்க்குகள்தான் கவலை. சாதாரண டிஸ்க்கில் காற்றுக்கென்று ஒரு சின்னத் துவாரம் உண்டு, சேற்றுத் தண்ணீர் அதன் வழியாக உள்ளே போய்விடும். அப்படிப்பட்டதை நாங்கள் இயக்கிப் பார்க்கவே இல்லை. தரவு மீட்கும் இடத்துக்கு அனுப்புங்கள், செலவு கூடும் என்று சொல்லிக் கொடுத்தோம். அதைச் சொல்லும்போது எதிரில் நிற்கிறவரின் முகத்தைப் பார்ப்பது லேசான வேலை இல்லை. பிள்ளைகளின் படங்கள் என்பார்கள்.

சிங்களம் கொஞ்சம் தெரிந்தால் நல்லது. கந்தளாய், சேருநுவரப் பக்கத்திலிருந்து வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். கடைசியாக எப்போது வேலை செய்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்ற இரண்டையும் கேட்க முடியாவிட்டால் பழுதைப் பாதி கோட்டைவிட்டமாதிரி. என் வகுப்பில் இருந்த சிங்கள நண்பனிடம் அதைக் கற்றேன், பதிலுக்கு அவன் என்னிடம் தமிழ் டைப்பிங் பழகினான்.

இறுதி மதிப்பீடு பயந்த அளவுக்கு இல்லை. வெளியிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வந்து வேலை கொடுத்துப் பார்ப்பார்கள், தினக்குறிப்பைப் புரட்டிக் கேள்வி கேட்பார்கள். புள்ளி கிடையாது, தேர்ச்சி உண்டா இல்லையா என்பதுதான். தினக்குறிப்பைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து ஒன்றாக நிரப்பினவர்கள் அங்கேதான் திணறினார்கள்.

சேரப்போகிறவர்கள் முதலில் ஒரு நாள் நிலையத்துக்குப் போய் லேப்பைப் பாருங்கள். புதுப் பெட்டிகள் எத்தனை என்று எண்ணுவதைவிடச் செத்த பெட்டிகளை மாணவர்கள் தொடலாமா என்று கேளுங்கள். வேலைப் பயிற்சிக்கான கடையை வகுப்பு நடக்கும்போதே தேடத் தொடங்குங்கள். விற்பனை மட்டும் செய்கிற கடை வேண்டாம், மேசையில் திறந்த பெட்டி கிடக்கிற கடையாகப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் பஸ் காசு அளவுக்குத்தான் தருவார்கள், அதற்கு வீட்டில் முன்கூட்டியே கதைத்துவையுங்கள். சொந்தமாக ஒரு மீட்டரும் நல்ல ஸ்குரூட்றைவர் செட்டும் வாங்குங்கள், லேப்பில் இருப்பவற்றின் முனை மழுங்கியிருக்கும். நான் இப்போது அதே நானாவிடம் சம்பளத்துக்கு இருக்கிறேன், ஐந்தாம் மட்டத்துக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.