கார்பன் பிடியில் ரீல் சீட்: நான்கு வருடம், ஐந்து கோல்கள்

தூண்டில் கோலில் ரீலைப் பிடித்து வைக்கும் சீட் ஒன்று சுழன்ற கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

மலேசியாவின் பேராக்கில், கோலகங்சாரைத் தாண்டி செண்டரோ ஏரி. 1930-ல் மின்சாரம் தரத் தொடங்கிய பழைய அணை தேக்கி வைத்திருக்கும் தண்ணீர். கரையோரப் பாசி மேல் ஜம்ப் ஃப்ராக் என்ற தவளை வடிவப் போலி இரையைத் தத்த விட்டுக்கொண்டிருந்தேன். தோமான் மீன் ஒன்று ஒரே வாயில் அள்ளியது. கோலை இழுத்து அடித்தேன். கோல் நன்றாகத்தான் வளைந்தது. ஆனால் மேலே உட்கார்ந்திருந்த ரீல் மெதுவாக இடப்பக்கம் சாய ஆரம்பித்தது. கட்டைவிரலால் நிமிர்த்திப் பார்த்தேன்; திரும்பவும் சாய்ந்தது. மீன் போய்விட்டது. நூல் போகும் வளையங்கள் ஒரு பக்கமும் ரீல் இன்னொரு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்த கோலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

நான் சுங்கை சிப்புட்காரன். பகலில் ஈப்போவில் வேலை. இரவில் தாமான் (குடியிருப்பு) வீட்டு முன்வாசலில் மேசை போட்டுக் கோல் கட்டுவேன். இதுவரை கார்பன் பிடி போட்டுக் கட்டியவை ஐந்து: மூன்று தோமானுக்கும் விராலுக்கும், ஒன்று செபராவ் மீனுக்கு, ஒன்று லூமுட் பக்கம் உப்புத் தண்ணீரில் சியாக்காப் (கொடுவா) பிடிக்க. எல்லாவற்றிலும் ஃபுஜி சீட்தான். நான்கு வருடத்தில் சீட் ஒன்றுகூட உடையவில்லை, மரை தேயவில்லை. கோளாறு வந்த இடமெல்லாம் சீட்டுக்கு அடியிலும் சீட் பிடியோடு சேரும் ஓரத்திலும்தான். அந்த வேலையைச் செய்தவன் நான். அதனால் இதில் வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

கார்பன் பிடி என்றால் முழுக்க கார்பன் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் முதலில் வாங்கினேன். அப்படி இல்லை. உள்ளே இலேசான நுரைக்கட்டை, மேலே கார்பன் துணியைச் சுற்றி எப்பாக்சிப் பசையில் இறுக்கிய மெல்லிய தோல். வெட்டிப் பார்த்தால் ரொட்டியும் அதன் கருகல் ஓரமும் போல இருக்கும். தக்கைப் பிடியில் சீட் சரியாக உட்காரவில்லை என்றால் நாலு தேய்ப்பு தேய்த்து அரை மில்லிமீட்டர் எடுத்துவிடலாம். மிச்ச இடைவெளியைத் தக்கையே அமுங்கிக் கொடுத்து மறைத்துவிடும். கார்பன் தோல் அமுங்காது. வெளியே தேய்த்தால் நெசவு கிழிந்து மங்கும், இன்னும் தேய்த்தால் நுரை தெரியும். ஆகவே சீட்டின் விளிம்பு அளவைப் பார்த்துப் பிடியை வாங்க வேண்டுமே தவிர, பிடியை வாங்கிவிட்டு அப்புறம் சீட்டைத் தேடக் கூடாது. நான் செய்தது இரண்டாவது. முதல் கோலில் சீட்டுக்கும் பிடிக்கும் நடுவே நகம் தட்டுகிற அளவுக்கு ஒரு படி இன்னும் இருக்கிறது. பிடிக்கும்போதெல்லாம் சுண்டுவிரல் அதைக் கண்டுபிடித்துவிடும்.

சரி, சுழன்ற சீட்டுக்கு வருவோம். கோல் அந்த இடத்தில் 12 மில்லிமீட்டர் தடிமன், சீட்டின் உள்வட்டம் கிட்டத்தட்ட 16. ஒரு பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் காலி. அதை நிரப்ப மாஸ்கிங் டேப்பை இடைவெளி விடாமல் ஒரே உருளையாகச் சுற்றி, மேலே ஐந்து நிமிட எப்பாக்சி பூசிச் சீட்டை ஏற்றியிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஹேக்சா பிளேடால் சீட்டை நீளவாக்கில் கவனமாக அறுத்துப் பிரித்தேன். பசை சீட்டோடு ஒட்டியிருந்தது, டேப்போடும் ஒட்டியிருந்தது. கோலோடு ஒரு சொட்டுகூட ஒட்டவில்லை. டேப்பின் அடிச்சுற்று ஈரத்தில் ஊறிப் பிசுபிசுத்து, கோலின் மேல் வளையல் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. டேப்பில் இருக்கிற கோந்தை நம்பித்தான் ஒன்றரை வருடம் மீன் பிடித்திருக்கிறேன்.

செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருக்கிற பக்கத்து வீட்டு அண்ணன் அந்த அறுத்த துண்டை விளக்கில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, பசை போய்ச் சேராத இடத்தில் என்ன ஒட்டும்?” என்றார். “அதோடு அஞ்சு நிமிசப் பசை சூடு தாங்காது. காடியில வெயில்ல போட்டு வைப்பதானே?” போட்டுத்தான் வைப்பேன். மத்தியான வெயிலில் நின்ற காடிக்குள் (காருக்குள்) கையை வைக்க முடியாது. சட்டென்று இறுகும் பசை அந்தச் சூட்டில் இளகிக் கொடுக்கும், குளிர்ந்தால் மறுபடி இறுகும். கோலைக் காடியை விட்டு எடுத்துக் குளிர்ந்த பிறகு சீட் கெட்டியாக இருந்ததற்கு இதுதான் காரணம். வெயிலில் அடிக்கும்போது மட்டும் வேலையைக் காட்டியது.

மேலே உட்காரும் பெய்ட்காஸ்டிங் ரீலுக்கு இது இரட்டிப்புத் தொல்லை. பாரம் விழுந்தால் அது புரண்டு கீழே போகத்தான் பார்க்கும். ஸ்பின்னிங் ரீல் ஏற்கெனவே கீழே தொங்குகிறது; அதே அரைகுறை வேலை அதில் இன்னும் சில வருடம் தெரியாமலே ஓடியிருக்கும்.

மூன்றாவது கோலிலிருந்து டேப்பை விட்டுவிட்டுப் பாலியுரேத்தேன் நுரை ஆர்பர், அதாவது அந்த இடைவெளியை நிரப்பும் உருளை, போடுகிறேன். விலை இரண்டு மூன்று வெள்ளிதான் (ரிங்கிட்), மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது. ஓட்டையைக் கோலின் சரிவுக்கு ஏற்றபடி குடைய வேண்டும். உடைந்த பழைய கோல் துண்டில் உப்புத்தாளைச் சாய்வாகச் சுற்றி ஒட்டினால் அதுவே நல்ல குடைவுக்கோல்; கடையில் கேட்க வேண்டியதில்லை. கோல் போகப் போக மெலிந்துகொண்டே போகும் என்பதால், ஆர்பரின் அடிப்பக்க ஓட்டை கொஞ்சம் பெரிதாகவும் நுனிப்பக்கம் சிறிதாகவும் வரும். எல்லாம் கோல் நுனி வழியாகத்தான் ஏறும்: முதலில் பின்பிடி, அடுத்து ஆர்பரும் சீட்டும், கடைசியில் முன்பிடி. டேப்தான் போடுவேன் என்பவர்கள் பட்டையாகச் சுற்றி நடுவில் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் பசை கோலையும் தொட வேண்டும், சீட்டையும் தொட வேண்டும். டேப்பின் ஓரம் எங்கேயும் தண்ணீருக்குத் தெரியக் கூடாது.

பசை இப்போது ஒரு நாள் முழுக்க இறுகும் கெட்டியான வகை. வழியாது, பூசின இடத்திலேயே நிற்கும், சீட்டைத் திருப்பிச் சரிபார்க்க நிறைய நேரம் தரும். ரீலை மாட்டி, நுனிப்பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து வளையத்தோடு நேர் பண்ணிவிட்டு, பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். தானாக நகர்ந்திருக்கும். மரையில் டேப் சுற்றாமல் பசை போடவே போடாதீர்கள். அங்கே ஒரு துளி இறுகினால் அந்த நட்டு அப்புறம் நகராது.

ஒட்டுமுன் சீட்டின் உள்பக்கத்தையும் கோலின் பளபளப்பையும் உப்புத்தாளால் மங்கலாக்க வேண்டும். பிறகு ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். கோவிட் காலத்தில் வாங்கிய கைகழுவும் ஜெல் வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று ஒரு தடவை அதால் துடைத்தேன். அதில் கைக்கு இதமாக இருக்கக் கிளிசரின் சேர்த்திருப்பார்கள். அதன் மேல் பசை எப்படிப் பிடிக்கும்? நல்ல வேளை, பிடியின் பின்மூடி மட்டும்தான் கழன்றது. கார்பனைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகமூடி போடுங்கள். அந்தக் கருப்புத் தூள் தோலில் பட்டால் இரவெல்லாம் அரிக்கும். மூச்சில் ஏற வேண்டிய பொருளும் அது இல்லை.

பின்மூடி என்றதும் நினைவுக்கு வருகிறது. நான்காவது கோலில் பசை பூசி மூடியை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் மூடி அரை விரல் வெளியே வந்து நிற்கிறது. மறுபடி அழுத்தினேன், மறுபடி வந்தது. மூன்றாவது தடவை கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே யாரோ விரலால் தள்ளுகிற மாதிரி மெதுவாக வந்தது. கோலுக்குள் அடைபட்ட காற்றுதான். ஊசியால் மூடியில் ஒரு துளை போட்டேன், ஸ் என்று சத்தம் வந்தது, மூடி உட்கார்ந்துவிட்டது. துளையைப் பிறகு ஒரு சொட்டுப் பசையால் அடைத்தேன்.

உப்புத் தண்ணீர்க் கோலில் வந்த கோளாறு வேறு ரகம். சீட்டும் பிடியும் சேரும் இடத்தில் அழகுக்காக ஒரு அலுமினிய வளையம் போட்டிருந்தேன். எட்டு மாதத்தில் அதன் அடியில் வெள்ளை மாவு பூத்தது, பூச்சு கொப்புளித்தது. கார்பனும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டு, நடுவில் உப்புத் தண்ணீரும் இருந்தால், சின்ன பேட்டரி மாதிரிதான்; அரிபடுவது அலுமினியம். பிடியின் வெட்டு முனையைப் பசையால் மூடியிருந்தால் இரண்டும் நேராகத் தொட்டிருக்காது. நுரைக்குள் தண்ணீர் போகாமலும் இருந்திருக்கும். இப்போது அங்கே ரப்பர் வளையம். பார்க்க அலுமினியம் அளவுக்கு இல்லை, ஆனால் ஒன்றும் ஆகவில்லை. வெட்டு முனைகளுக்கெல்லாம் மெல்லிய பசைப் பூச்சு கொடுத்துவிடுகிறேன், நன்னீர்க் கோலாக இருந்தாலும்.

இவ்வளவு பாடு பட்டதற்குப் பலன் உண்டா என்று கேட்பீர்கள். செபராவ் கோலில் உண்டு. கல்லில் லூர் (போலி இரை) உரசுவதும் மீன் வாயால் தொட்டுப் பார்ப்பதும் உள்ளங்கையில் தனித்தனியாகத் தெரிகிறது. இவிஏ நுரைப் பிடியில் இரண்டும் ஒரே மாதிரி மழுங்கிப்போய் வரும். எடை குறைந்ததைப் பெரிதாகச் சொல்லமாட்டேன். பிடி இலேசானால் கோலின் நுனி கனமாகத் தெரியும். தோமான் கோலில் எனக்கு அது பிடிக்கவே இல்லை. பின்மூடிக்குள் ஈயத் துண்டு ஒன்று வைத்தேன். எடையைக் குறைக்கக் காசு கொடுத்துவிட்டு எடையைச் சேர்க்க ஈயம் வைத்தவன் இந்தத் தாமானிலேயே நான் ஒருவன்தான்.

ஈரக் கைக்கு இது வழுக்கும். மழையிலும் மீன் கொழகொழப்பிலும் இன்னும் மோசம். சுருக்கிப் போடும் ரப்பர் குழாயைப் பின்பிடியில் பாதி வரை ஏற்றினேன், சரியாகிவிட்டது. படகு விளிம்பில் இடித்த இடத்தில் தோல் நட்சத்திரம் மாதிரி வெடித்தது; தக்கையாக இருந்தால் ஒரு பள்ளத்தோடு போயிருக்கும். குளத்தில் ரோகுவுக்கு இரை போட்டுக் கோலைத் தாங்கியில் சாய்த்து வைத்து உட்காருபவருக்குக் கார்பன் பிடி எதற்கு? பிடியைத் தொடுவதே மீன் கடித்த பிறகுதான்.

அப்பா கித்தா (ரப்பர்) வெட்டின காலத்துக் கோல் ஒன்று வீட்டுப் பின்னால் இன்னும் தொங்குகிறது. மூங்கில். ரீலை சைக்கிள் டியூப்பைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருப்பார். அறுத்த சீட்டை நான் பார்த்துக்கொண்டிருந்த அன்று அதை எடுத்து வந்து என் கையில் கொடுத்து, “ஆட்டிப் பாருடா” என்றார். ஆட்டினேன். அசையவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் மாட்டின இடத்திலேயே திரும்ப மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சுழன்ற கோலைப் புதுச் சீட்டோடு, நுரை ஆர்பர் வைத்து மறுபடி கட்டினேன். இரண்டு வருடம், காடிச் சூடு, செண்டரோ, எல்லாம் பார்த்துவிட்டது. போன வாரம் நுனிப்பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன், நேராகத்தான் இருக்கிறது. முதல் கோலின் அந்தப் படியை மட்டும் இன்னும் சரி செய்யவில்லை. அதற்கு ஒரு ரப்பர் வளையம் கேட்டிருக்கிறேன்; அடுத்த வாரம் வரும் என்கிறார் கடைத் தவுக்கே (முதலாளி), மூன்று வாரமாக.