பச்சை உடம்புக்காரியின் மனச்சோர்வு: மாத்திரை இல்லாத வழிகளில் எது யாருக்கு?

கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் வரும் மனச்சோர்வு, பதற்றத்துக்கு மூன்று பேச்சுச் சிகிச்சைகள் முன்னால் நிற்கின்றன: சிபிடி (பயத்தையும் சோர்வையும் வளர்க்கும் எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றுவது), ஐபிடி (உறவுச் சிக்கல்களைப் பேசிச் சரிசெய்வது), செயல்வழிச் சிகிச்சை (மனசைத் தூக்கும் வேலைகளைத் திட்டமிட்டுச் செய்வது). மூன்றுக்கும் ஆய்வுச் சான்று உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாலக்கோட்டிலோ தளியிலோ இருக்கும் பெண்ணுக்குக் கேள்வியே வேறு. வளைகாப்பு முடிந்து தாய்வீடு போய், சில மாதம் கழித்துக் குழந்தையோடு மாமியார் வீடு திரும்புகிறவளுக்கு எது நடுவில் அறுபடாது?

அந்தக் கணக்கில் செயல்வழிச் சிகிச்சைக்கே முதலிடம். ஒரு வாரம் என்னென்ன செய்தாள், அப்போது மனசு 0 முதல் 10-க்குள் எங்கே இருந்தது என்று குறிக்கச் சொல்வார்கள். மனசைக் கொஞ்சமாவது தூக்கிய இரண்டு வேலைகளை நேரம் குறித்துத் தினமும் செய்ய வேண்டும். எழுத வராதவர்களுக்குக் காலண்டரில் கோடு போட்டாலே போதும். 'தினமும் ஒரு மணி நேரம் நடை' என்று பெரிதாக ஆரம்பித்தால் நான்காம் நாள் நின்றுவிடும். திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்து பக்கத்து வீட்டு அக்காவோடு பேசுவது சரியான அளவு. மனசு வரட்டும் என்று காத்திருந்தாலும் போச்சு, வேலைதான் மனசை இழுத்து வரும். கோவாவில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களே இதை நடத்திப் பார்த்தார்கள், பலன் மிதமானது.

பதற்றம்தான் பெரிது என்றால் சிபிடி. குழந்தை மூச்சு விடுகிறதா என்று ராத்திரியில் இருபது தடவை எழுந்து பார்ப்பவளிடம், 'பார்க்காதே' என்று சொல்லிப் பயனில்லை. இருபதைப் பதினைந்தாக்கி, பிறகு பத்தாக்கி, ஒவ்வொரு முறையும் பயம் தானாக இறங்குவதை அவளே காண வைக்க வேண்டும். 'நல்லதையே நினை' என்று புத்தி சொல்வதைச் சிபிடி என்று நடத்துகிறவர்களும் உண்டு. அது சிபிடி இல்லை. 8 முதல் 16 அமர்வு, நடுவில் வீட்டுப்பாடம். வீடு மாறும்போது விட்டுப்போகும் ஆபத்து இதில்தான் அதிகம்.

சண்டை வீட்டுக்குள் என்றால் ஐபிடி. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடு மனஸ்தாபம், கூடமாட உதவ ஆள் இல்லாதது ஆகியவை பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வோடு சேர்ந்து வந்தன. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட தருமபுரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யாரிடம் என்ன உதவி, எந்த வார்த்தையில் கேட்பது என்று ஐபிடியில் பேசிப் பழகுவார்கள். பெங்களூரில் வேலைபார்க்கும் கணவர் ஓர் அமர்விலாவது போனில் சேர்ந்தால் நல்லது.

யோகா, நடை எல்லாம் துணைக்கு மட்டும். கர்ப்பிணிகள் மூச்சை அடக்கும் பயிற்சியையும், மாதம் ஏறிய பிறகு மல்லாந்து நெடுநேரம் படுக்கும் ஆசனங்களையும் தவிர்க்க வேண்டும்.

ஏற்கெனவே சாப்பிடும் மனநல மாத்திரையை இவற்றை நம்பித் தானாக நிறுத்தக் கூடாது. பிரசவமான சில நாளில் தூக்கமே இல்லாமல், இல்லாத குரல் கேட்டு, சம்பந்தமில்லாமல் பேசினால் அது காத்து கருப்பு இல்லை, எந்தப் பேச்சுச் சிகிச்சைக்கும் அடங்காது. இதற்கும், தற்கொலை எண்ணம் வந்தாலும், அன்றைக்கே தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓசூர்ப் பக்கத்தவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை கிட்ட. தாயையும் சேயையும் பிரிக்காமல் சேர்த்துக்கொள்ளும் தனிப் பிரிவு அங்கே உண்டு. அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ஐ அழைத்தால் தமிழிலேயே பேசலாம்.