திருவல்லிக்கேணியில் ரூம் எடுத்தோம்: சுவரில் இருந்த கிறுக்கலுக்கு என் மகளிடம் பழி

கும்பகோணத்திலிருந்து குழந்தைகளோடு மூன்று நாள் சென்னைக்குப் போய்விட்டு வந்தோம். வந்து பத்து நாளாகியும் மனசு ஆறவில்லை. போனது பெரிய தொகை இல்லை. ஆனால் என் ஏழு வயது மகளைப் பார்த்து ஒரு ஆள் "பொய் சொல்றா" என்று சொன்னார். செய்யாத தப்புக்குப் பணமும் பிடித்துக்கொண்டார். நாங்களும் விட்டுவிட்டு வந்தோம். சனி, ஞாயிறைச் சேர்த்துச் சின்னப் பிள்ளைகளோடு சென்னைக்குக் கிளம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், என் மாமியார், பாப்பா, இரண்டரை வயது தம்பி. மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு முழங்கால் வலி. தம்பிக்கு ராத்திரி ஒரு தடவையாவது பால் காய்ச்சிக் கொடுக்க வேண்டும். அதனால் லாட்ஜ் வேண்டாம், சமையல் வசதியோடு சர்வீஸ் அபார்ட்மென்டாகப் பார்க்கலாம் என்று இணையத்தில் தேடினோம். திருவல்லிக்கேணியில் ஒன்று கிடைத்தது. படங்களில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. போன் போட்டேன். மேனேஜர் அவ்வளவு கனிவாகப் பேசினார். "குழந்தைங்க வர்றாங்கன்னா நீங்க எப்ப வந்தாலும் ரூம் குடுத்துடுவோம்மா. காலைல ஆறு மணின்னாலும் சரி. லிப்ட் இருக்கு, கேஸ் அடுப்பு இருக்கு, பிரிட்ஜ் இருக்கு. பீச்சுக்கு நடந்தே போயிடலாம்." ஒரு இரவுக்கு 2,800 ரூபாய். இரண்டு இரவுக்கு 5,600 ரூபாயையும் முன்னாலேயே அனுப்பச் சொன்னார். வாரக் கடைசி என்பதால் பாதிப் பணம் கட்டினால் ரூமைப் பிடித்துவைக்க முடியாதாம். ஜிபே-யில் அனுப்பும்போது அபார்ட்மென்ட் பெயர் வரவில்லை, ஏதோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. முதலாளி பெயராக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி, வெள்ளிக்கிழமை விடிகாலையில் எழும்பூரில் இறங்கினோம். ஆட்டோ பிடித்து அந்த முகவரிக்குப் போனபோது மணி ஆறு. கீழே ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே படுத்திருந்த பையன் எழுந்து வந்து, "மேனேஜர் ஒன்பது மணிக்குத்தான் வருவார்" என்றான். தம்பி என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். பாப்பா பெட்டி மேல் உட்கார்ந்தாள். அத்தைக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. மூன்று மணி நேரம் அப்படியே.

ஒன்பதரைக்கு மேனேஜர் வந்தார். போனில் பேசிய அதே குரல், அதே கனிவு. "முன்னாடி தங்கினவங்க இன்னும் காலி பண்ணல மேடம், பன்னண்டு மணி ஆகும்" என்றார். பதினொன்றரைக்கு வந்து, அந்த பிளாட்டில் மோட்டார் ரிப்பேர், தண்ணீர் வரவில்லை, பக்கத்துத் தெருவில் நம்ம இன்னொரு இடம் இருக்கிறது, அதைவிட நல்லா இருக்கும் என்று கூட்டிக்கொண்டு போனார். திருவல்லிக்கேணி பேச்சிலர் மேன்ஷன்களுக்குப் பெயர் போன இடம் என்பது தெரிந்ததுதானே. அப்படி ஒரு பழைய மேன்ஷனில் இரண்டு அறைக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒன்றாக்கி, டைல்ஸ் ஒட்டி வைத்திருந்தார்கள். மூன்றாவது மாடி. லிப்ட் இல்லை. அடுப்பு இல்லை. ஜன்னலைத் திறந்தால் ஒரு முழம் தள்ளி அடுத்த கட்டிடத்துச் சுவர். அத்தை ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார்.

எங்களுக்கு இது வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதெல்லாம் முடியாது, வேண்டுமானால் சாயங்காலம் வேறு ரூம் பார்த்துத் தருகிறேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து அழ ஆரம்பித்திருந்த தம்பியைத்தான் பார்த்தார். சாப்பிடாத, தூங்காத குழந்தையை வைத்துக்கொண்டு நாங்கள் எங்கேயும் போகப்போவதில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். காலை ஆறு மணியிலிருந்து உட்காரவைத்ததே அதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. பத்து மணிக்கே அந்த ரூமைக் காட்டியிருந்தால் கொஞ்சமாவது தெம்பாகச் சண்டை போட்டிருப்போம்.

அப்புறம் 3,000 ரூபாய் டெபாசிட் என்றார். போனில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வீட்டுக்காரரின் ஆதார் கார்டையும் வாங்கி, காலி பண்ணும்போது தருகிறேன் என்று மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். நகல் தருகிறோம் என்று சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. தயவுசெய்து அசல் அட்டையை யார் கையிலும் விடாதீர்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்று மதியம் அவரே ஏற்பாடு செய்த கார். ஏசி கார், நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய். எழும்பூர் அருங்காட்சியகம், கோளரங்கம், மெரினா. அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது என்று பாப்பாவுக்கு ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருந்தேன். போய் இறங்கினால் கேட் பூட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை அதற்கு வார விடுமுறை. தினமும் சென்னையைச் சுற்றுகிற டிரைவருக்கு இது தெரியாமல் இருக்குமா? "அப்படியா சார், எனக்கே தெரியல" என்றார். அந்த நேரத்துக்கு இரண்டு கைவினைப் பொருள் கடைகளுக்குக் கூட்டிப் போனார். "சும்மா பத்து நிமிஷம் பாத்துட்டு வந்துருங்க மேடம், எனக்கு கூப்பன் குடுப்பாங்க." அந்தப் பத்து நிமிஷங்களில் கோளரங்கத்தின் கடைசிக் காட்சியும் போய்விட்டது. கடற்கரையில் மட்டும் ஒரு மணி நேரம். பார்க்காத இடத்துக்கான பணத்தைக் கேட்டால் டிரைவர் மேனேஜரைக் காட்டினார், மேனேஜர் டிரைவரைக் காட்டினார்.

எந்த இடம் எந்தக் கிழமை மூடியிருக்கும் என்பதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டலூர் உயிரியல் பூங்காவும் கிண்டி சிறுவர் பூங்காவும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஈசிஆர் முதலைப் பண்ணை திங்கட்கிழமை.

சனிக்கிழமை நாங்களே கிளம்பினோம். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் ஏறி, வண்டி மாறாமல் கிண்டி, அங்கிருந்து ஆட்டோவில் சிறுவர் பூங்கா. தம்பி புள்ளிமானைப் பார்த்து "ஆடு, ஆடு" என்று கத்தினான். பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. நான்கு மணிக்கெல்லாம் திரும்பிவிட்டோம். அந்த மூன்று நாளில் குழந்தைகள் முழுசாகச் சிரித்தது அன்று ஒரு நாள்தான். செலவும் முந்தின நாள் காருக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

இனிதான் முக்கியமான விஷயம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ரூமைக் காலி செய்யும்போது மேனேஜரே மேலே வந்தார். நேராகக் கட்டிலுக்கு எதிர்ச் சுவருக்குப் போய் நின்றார். தேடவே இல்லை. சுவிட்ச் போர்டுக்கு மேலே, நல்ல உயரத்தில், பச்சை கிரேயானில் ஒரு ரயில் வரைந்திருந்தது. மூன்று பெட்டி, வட்டமான சக்கரம், மேலே சுருள் சுருளாகப் புகை. "சுவத்துல கிறுக்கி வெச்சிருக்காங்க மேடம். பெயின்ட் அடிக்கணும். டெபாசிட்ல ரெண்டாயிரம் பிடிச்சுக்கறேன்."

நாங்கள் வந்த அன்றே பாப்பா அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, யாரோ ரயில் வரைஞ்சிருக்காங்க" என்று என்னிடம் காட்டியிருக்கிறாள். அதைத்தான் சொன்னேன். அவளும், "நான் பண்ணல அங்கிள், அது முன்னாடியே இருந்துச்சு" என்றாள். அந்த ஆள் சிரித்துக்கொண்டே, "பாப்பா பொய் சொல்றா" என்றார். அவள் முகம் அப்படியே சுருங்கிப்போய்விட்டது. அவள் பையைத் திறந்து காட்டினேன். உள்ளே இருந்தது கலர் பென்சில். கிரேயான் ஒன்றுகூட இல்லை. சுவரில் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், மெழுகின் மேலே தூசி படிந்து கருப்பாக வந்தது. அவள் கையைத் தூக்கி எம்பினாலும் எட்டாத உயரம். "நாற்காலி போட்டு ஏறியிருப்பா" என்றார். எல்லாவற்றுக்கும் அவரிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. இதே பேச்சை அவர் பல பேரிடம் பேசியிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ரயிலைத் துடைக்காமல் வைத்திருப்பதே சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களிடம் காசு பிடுங்கத்தான்.

ஆதார் அவர் டிராயரில். ராத்திரி ரயில் வரைக்கும் பெட்டிகளை வைக்கவும் அவர் இடம்தான். மீதி ஆயிரத்தை வாங்கிக்கொண்டு இறங்கினோம். பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி எண் எதுவும் இல்லாத ஒரு துண்டுச் சீட்டில் 5,600 என்று எழுதிக் கொடுத்தார். டெபாசிட் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ரயிலில் போனை எடுத்து மூன்று நாள் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் 12.40-க்கு, ரூமுக்குள் வந்த களைப்பில் தம்பி கட்டிலில் குறுக்காகப் படுத்துத் தூங்கியதை என் வீட்டுக்காரர் படம் எடுத்திருக்கிறார். அவன் தலைக்குப் பின்னால், சுவரில், அந்தப் பச்சை ரயில். உடனே மேனேஜருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

அதனால் ரூமுக்குள் காலை வைத்ததும், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, சாவி கொடுக்கிற ஆள் நிற்கும்போதே, சுவர், மெத்தை, குளியலறைக் குழாய், டிவி ரிமோட் எல்லாவற்றையும் ஒரு வீடியோ எடுத்து அவர் எண்ணுக்கே அனுப்பிவிடுங்கள். லிப்ட், அடுப்பு, எத்தனை மணிக்கு ரூம், டெபாசிட் எவ்வளவு என்பதையெல்லாம் போனில் கேட்டால் போதாது, வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். வீடியோ காலில் தெருவாசலிலிருந்து ரூம் வரைக்கும் நடந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். விடிகாலை ரயிலில் போகிறவர்கள் டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசி-யில் ரயில் நிலைய ஓய்வறை கிடைக்கிறதா என்றும் பாருங்கள். குழந்தைகள் குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்திருந்தால் பிடிக்காத ரூமை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிற தைரியம் நமக்கு இருக்கும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிவு செய்திருக்கிறோம். அடுத்து வழக்கு. சென்னைக்கு அலைய வேண்டுமே என்று முதலில் தயங்கினேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே போடலாம், எங்களுக்குத் தஞ்சாவூர். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போகிற மோசடி என்றால் அதற்கு சைபர் குற்ற உதவி எண் 1930, உடனே கூப்பிட வேண்டும்.

வழக்கு போடப்போவதால் அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். திருவல்லிக்கேணியில் மூன்றாவது மாடி ரூம் ஒன்றில் நீங்கள் தங்கியிருந்து, சுவிட்ச் போர்டுக்கு மேலே பச்சை கிரேயானில் மூன்று பெட்டி ரயில் இருந்தால், உங்கள் போனில் இருக்கும் படங்களைக் கொஞ்சம் தேடிப் பாருங்கள். குழந்தை தூங்குகிற படமோ, சாப்பிடுகிற படமோ, பின்னால் அந்தச் சுவர் தெரிந்தால் போதும். தேதியோடு எனக்கு அனுப்புங்கள்.