ஆடியோமாத்: ஆய்வுக்குச் சரி, படத்துக்கு?

ஆடியோமாத் என்னும் ஒலிப்பதிவுக் கருவி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. 58 × 48 × 15 மி.மீ. மூன்று பென்சில் பேட்டரி, ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு. மரத்தில் கட்டிவிட்டால், குறித்த நேரத்தில் தானே விழித்துப் பதிவு செய்யும். உயிரியல் ஆய்வுக்கென உருவான இந்தக் கருவி, சூழலியல் படம் எடுப்பவருக்கும் பாதி வேலைக்கு உதவும்.

விடியற்காலைப் பறவை ஒலிகளுக்குத் தாராளமாக நம்பலாம். 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில், அதாவது நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து பதிந்தால், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 346 எம்பி. தினம் இரண்டு மணி நேரம் பதிந்தால் 32 ஜிபி கார்டு ஒன்றரை மாதம் தாங்கும். ஆனால் ஒற்றைப் பறவையின் குரலை நெருக்கமாகக் கேட்கவைக்க இது ஆகாது. மைக் எல்லாப் பக்கமும் கேட்கும், பதிவு மோனோ (ஒற்றைத் தட ஒலி), அமைதியான காட்சியில் கருவியின் சொந்த இரைச்சல் 'உஸ்' என்று துருத்தும். இரண்டு கருவியை வைத்து ஸ்டீரியோ ஆக்கலாமே என்றால், இரண்டின் கடிகாரமும் ஒரே சீராக ஓடாது. நீண்ட பதிவில் ஒலி விலகிவிடும்.

இதன் உண்மையான பலம் வௌவால். 384 கிலோஹெர்ட்ஸில் பதிந்த கோப்பை எடிட்டிங்கில் 38.4 ஆக வாசிக்கச் சொன்னால் பத்து மடங்கு மெதுவாகும். நம் காதுக்கு எட்டாத 40 கிலோஹெர்ட்ஸ் வௌவால் குரல் 4 ஆக இறங்கிக் காதுக்கு எட்டும். மெதுவாக்கிய ஒலி என்று திரையில் போட்டுவிடுங்கள். 384 கிலோஹெர்ட்ஸில் பதிவது கார்டில் மணிக்கு 2.76 ஜிபி விழுங்கும்.

சொதப்பும் இடங்கள்: கோப்பின் பெயரில் இருப்பது, மாற்றாதவரை, யுடிசி (உலகப் பொது நேரம்), கேமராவின் உள்ளூர் நேரத்தோடு பொருத்தும்போது குழம்பும். சுவிட்ச் 'கஸ்டம்' பக்கம் இருந்தால்தான் அட்டவணைப்படி ஓடும். 'டிஃபால்ட்' என்றால் அட்டவணையைப் பார்க்காமல் இரவும் பகலும் பதிந்து பேட்டரியைக் காலி செய்யும். பேட்டரி மாற்றினால் நேரத்தைச் சரிபார்க்காமல் நகராதீர்கள். ஜிப் பையில் போட்டுத் தொங்கவிட்டால் மழைத்துளி பறை கொட்டும். அதற்கான நீர்புகா உறையே மேல்.

கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) விஷயத்தில்தான் ஆய்வும் படமும் முட்டிக்கொள்ளும். இடங்களை ஒப்பிட ஆய்வாளருக்கு எல்லாக் கருவியிலும் ஒரே அளவு வேண்டும். ஒலி வடிவமைப்பாளரோ இடத்துக்கு இடம் மாற்றக் கேட்பார். ஆய்வாளர் சொல்வதையே கேளுங்கள், படத்துக்கான ஏற்ற இறக்கத்தை நகலில் செய்துகொள்ளலாம். மூலக் கோப்பைத் தொடாதீர்கள்: கெயின், பேட்டரி மின்னழுத்தம், பதிந்த நேரம் எல்லாம் அதன் தலைப்புக் குறிப்பில் (கோப்பின் தொடக்கத்தில் பதியும் தகவல்) இருக்கின்றன, எடிட்டிங் மென்பொருளில் ஏற்றி வெளியே எடுத்தால் பெரும்பாலும் அழிந்துபோகும்.