ரீடிங் பேப்பரும் 'நாட் கிவன்' தொல்லையும்: ஐஇஎல்டிஎஸ், ஓஇடி இரண்டும் எழுதிய நர்ஸின் அனுபவம்

குடியாத்தத்திலிருந்து வரும் எங்கள் வார்டு ஜூனியர் போன வாரம் கேட்டாள்: "அக்கா, ஐஇஎல்டிஎஸ் எழுதட்டுமா, ஓஇடி எழுதட்டுமா? ரீடிங்குக்கு எது பரவாயில்லை?" வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்குப் போக எழுதுகிற ஆங்கிலத் தேர்வுகள் இவை; ஐஇஎல்டிஎஸ் எல்லாருக்கும் பொதுவானது, ஓஇடி மருத்துவத் துறையினருக்கானது. ஹேண்ட்ஓவர் நேரத்தில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. இரண்டுக்கும் படித்து இரண்டையும் எழுதியவள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். இங்கிலாந்து நர்சிங் கவுன்சிலுக்கு ரீடிங்கில் ஐஇஎல்டிஎஸ் என்றால் 7, ஓஇடி என்றால் 350 என்பதெல்லாம் வேலூரில் நர்சிங் படித்த யாருக்கும் தெரிந்த கணக்கு.

இன்றுவரை எனக்கு ஆறாத எரிச்சல், கோச்சிங்கில் சொல்லித்தரும் 'கீவேர்டு' வித்தை. கேள்வியைப் படி, முக்கியமான சொல்லுக்கு அடிக்கோடு போடு, பாஸேஜில் அதைத் தேடு, பக்கத்திலேயே விடை இருக்கும். நான் சேர்ந்திருந்த இடத்தில் மாதக் கணக்கில் இதையே ஓட்டினார்கள். ஐஇஎல்டிஎஸ் ரீடிங்கில் 60 நிமிடம், 40 கேள்வி, 3 நீண்ட பாஸேஜ். விடைகளைத் தாளுக்கு மாற்றி எழுதத் தனி நேரமும் கிடையாது. வேகமாகத் தேடத் தெரிந்திருக்க வேண்டும்தான். பெயர், ஆண்டு, எண் தேட இந்த வித்தை நன்றாகவே உதவும். மற்ற இடங்களில் கேள்வியில் ஒரு சொல், பாஸேஜில் அதே பொருளில் வேறு சொல் என்றுதான் வைத்திருப்பார்கள். அதே சொல் அப்படியே கண்ணில் பட்டால் சந்தோஷப்படாதே, சந்தேகப்படு.

'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' வகையில், அதாவது ஒரு கூற்றைப் பாஸேஜ் சொல்கிறதா, மறுக்கிறதா, எதுவுமே சொல்லவில்லையா என்று கேட்கிற வகையில், இந்த வித்தை மொத்தமாகப் படுத்துவிடும். நம்மூர் உதாரணமே சொல்கிறேன். பாஸேஜில் இப்படி இருக்கிறது: "பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, வேலூர் வழியாக ஓடி, கடலில் கலக்கிறது." முதல் கூற்று: பாலாறு தமிழ்நாட்டில் பிறக்கிறது. பாஸேஜ் அதை நேராக மறுக்கிறது, எனவே ஃபால்ஸ். இரண்டாவது கூற்று: பாலாறு பெரும்பாலான மாதங்கள் வறண்டு கிடக்கிறது. காட்பாடி பாலத்தில் பஸ்ஸில் போகிற எவரும் கண்ணை மூடிக்கொண்டு ட்ரூ போடுவார்கள். விடை நாட் கிவன். ஊருக்கே தெரிந்த உண்மை என்றாலும் பாஸேஜ் சொல்லவில்லை, அவ்வளவுதான். பாலாறு, வறட்சி என்று கீவேர்டு தேடுகிறவர், இல்லாத வரியைத் தேடியே ஐந்து நிமிடத்தை விட்டுவிடுவார்.

இதைத் தீர்த்து வைத்தது கோச்சிங் இல்லை, நம் சார்ட். கேஸ் ஷீட்டில் அலர்ஜி என்ற இடம் காலியாக இருந்தால் 'அலர்ஜி இல்லை' என்று நீ எழுதுவாயா? மாட்டாய். நோயாளியிடம் கேட்பாய். 'நோயாளிக்கு அலர்ஜி உண்டு' என்பது கூற்று என்று வைத்துக்கொள். சார்ட்டில் 'இல்லை' என்று எழுதியிருந்தால் ஃபால்ஸ். காலியாக இருந்தால் நாட் கிவன். இது பிடிபட்ட பிறகு அந்தக் கேள்விகள் மீது எனக்கு மரியாதையே வந்துவிட்டது. எழுதியிருப்பதையும் நாம் நினைப்பதையும் பிரித்துப் பார்க்கிறோமா என்று இவ்வளவு நேர்மையாகச் சோதிக்கிற கேள்வி வேறில்லை. ரவுண்ட்ஸில் கூட, சொன்னது எது, நானாக நினைத்துக்கொண்டது எது என்று பிரித்துக் கேட்கிறேன்.

இந்த வகைக் கேள்விகள் பாஸேஜின் வரிசையிலேயே வரும். மூன்றாவதற்கும் ஐந்தாவதற்கும் விடை கிடைத்து, நான்காவதற்கு இடையில் எதுவும் இல்லையென்றால் நாட் கிவன் போட்டுவிட்டு நகர்ந்துவிடு. தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள்; எதையும் காலியாக விடாதே.

ஓஇடியில் இந்த நாட் கிவனே இல்லை. ஏ பகுதிதான் எனக்கு எதிர்பாராத சந்தோஷம்: ஒரே மருத்துவ விஷயத்தைப் பற்றி 4 சிறு குறிப்புகள், 20 கேள்விகள், 15 நிமிடம். டோஸ் எங்கே, அறிகுறி எங்கே என்று தலைப்பையும் அட்டவணையையும் பார்த்தே கை போய்விடும்; தினமும் வார்டில் செய்கிற வேலைதானே. கீவேர்டு வித்தைக்கு உண்மையான வீடு இதுதான். குறிப்பில் உள்ள சொல்லை எழுத்துப் பிசகாமல் எழுது. 15 நிமிடம் முடிந்தால் திரும்பிப் போக முடியாது. பி பகுதி சுலபம். சி பகுதியில் எழுதியவரின் கருத்தைக் கேட்பார்கள், அங்கே மறுபடி நிதானம் வேண்டும். பி, சி இரண்டுக்கும் சேர்த்து 45 நிமிடம்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன்: நீ ஐஇஎல்டிஎஸ் எழுதாதே. படிக்கக் கற்றுத்தந்தது அதுதான், மறுக்கவே மாட்டேன். ஆனால் நைட் டூட்டி முடித்து, வேலூர் வெயிலில் வீடு வந்து, ஏதோ ஒரு எறும்பு ஆராய்ச்சிப் பாஸேஜில் சொல்லாத விஷயத்தைத் தேடுவதற்கு உன்னை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஓஇடி கட்டணம் அதிகம், தெரியும். பணம் கட்டுவதற்கு முன் அவர்கள் இணையதளத்தில் இலவசமாக உள்ள மாதிரித் தாளில் ஏ பகுதியை மட்டும் டைமர் வைத்துப் போட்டுப் பார், எத்தனை சரி என்று எனக்குச் சொல்.