நீரில் மூழ்கிய சாவு: டயாட்டமா, குளோரைடா?

தாமிரபரணியில் ஓர் உடல் ஒதுங்கினால் முதல் கேள்வி, தண்ணீரில் விழும்போது உயிர் இருந்ததா என்பதுதான். தடயவியல் படிக்கும் தங்கச்சி மகன், "மாமா, டயாட்டம், குளோரைடு ரெண்டுல எந்தச் சோதனையை நம்புறது?" என்று கேட்டான்.

எதைப் பார்க்கிறது?
குளோரைடு: 1921-இல் அமெரிக்க நச்சியல் நிபுணர் கெட்லர் சொன்ன முறை. இதயத்தின் இடது, வலது பக்க ரத்தத்தின் உப்பை ஒப்பிடும். ஆற்று நீர் புகுந்தால் இடதில் குறையும். உவரிக் கடல் என்றால் கூடும்.
டயாட்டம்: சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி. மூச்சோடு நுரையீரலில் புகும். இதயம் துடித்தால் மட்டுமே ரத்தத்தில் ஏறித் தொடை எலும்பு மஜ்ஜை வரை போகும். செத்த பின் போட்ட உடலில் பெரும்பாலும் நுரையீரலோடு சரி.

அழுகிய உடல்?
குளோரைடு: வீண். நம்மூர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம்.
டயாட்டம்: ஓடு அழுகாது, நைட்ரிக் அமிலத்திலும் கரையாது.

சிரமம்?
குளோரைடு: எளிது.
டயாட்டம்: பொறுமை வேண்டும். மஜ்ஜையை அமிலத்தில் கரைத்து மைக்ராஸ்கோப்பில் தேட வேண்டும். ஒப்பிட, விழுந்த இடத்துத் தண்ணீரும் வேண்டும். ஆற்றின் மேற்பகுதியில் விழுந்தவர் கீழே குறுக்குத்துறையில் ஒதுங்கியிருந்தால் அங்கே மட்டும் பிடித்தால் போதாது. கருவிகளைக் கழுவிய குழாய்த் தண்ணீரிலேயே டயாட்டம் இருந்து ஏமாற்றும், கவனம்!

குளோரைடை இப்போது யாரும் பெரிதாக நம்புவதில்லை. நானும் டயாட்டம் பக்கம்தான், அதுவும் மூக்கு வாய் நுரை, உப்பிய நுரையீரல் ஆகியவற்றோடு சேர்த்து. பாசி குறைந்த கிணறு என்றால், டயாட்டம் இல்லை என்பதை வைத்து மூழ்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது. தள்ளிவிட்டார்களா என்பதை இரண்டுமே சொல்லாது. அது போலீஸ் பாடு.