1,980 வெள்ளி (ரிங்கிட்) போச்சு: ஆட்டிசம் பிள்ளைகளின் பெற்றோர் கவனத்துக்கு

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில், சுங்கை சிப்பூட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். பெயரைப் போட்டால் வழக்குப் போடுவார்களாம். அதனால், ஆட்டிசம் பிள்ளைகளுக்குக் கைப்பேசிச் செயலியும் பெற்றோருக்கு ஆன்லைன் வழிகாட்டலும் விற்கும் ஒரு நிறுவனம் என்று மட்டும் சொல்கிறேன். நம்ம ஆட்கள் நடத்துவதுதான்.

எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் பயிற்சியாம். சொன்னதை மனதில் வைப்பது, வேலையை வரிசையாகச் செய்வது, அவசரத்தை அடக்குவது, ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது. என் மகனுக்குச் சிரமமே இதில்தான். அந்த நிறுவனத்திலிருந்து ஸூமில் பேச வந்த பெண், நான் வாயைத் திறக்கும் முன்பே, "ஒரு கால்ல சப்பாத்து போட்டுட்டு, அடுத்தது என்னன்னு தெரியாம அப்படியே உட்கார்ந்திருப்பானா சிஸ்?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மாமியாரே சோம்பேறி என்று திட்டும் பிள்ளையை, முன்பின் தெரியாத ஒருத்தி புரிந்துகொண்டாளே! (எல்லா அம்மாக்களிடமும் அதே கேள்விதான் என்று இப்போது தெரிகிறது.) இன்று இரவுக்குள் முழுசாகக் கட்டினால்தான் விலைக் கழிவு என்றார். கட்டினேன். 1,980 வெள்ளி. சிறப்புக் கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதம் 150 வெள்ளி அலவன்ஸ் வருமே, அதைத் தொடாமல் சேர்த்த காசு.

தமிழில் இருக்கும் என்ற செயலி முழுக்க ஆங்கிலம். ஒளிரும் கட்டங்களை ஞாபகம் வைத்து வரிசையாகத் தொட வேண்டும், அவ்வளவுதான். வாராவாரம் என்னோடு தனியாகப் பேசுவார்கள் என்றார்களே, அது ஒரு கூட்டமே சேர்ந்து பார்க்கும் பழைய வீடியோ.

கேட்டால், "உங்க தோட்டத்துல லைன் சரியில்ல சிஸ்." அப்புறம், "டெக்னிக்கல் டீம்கிட்ட சொல்லியாச்சு." அப்புறம் வெறும் நீல டிக். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் வந்த பதிலைப் பாருங்கள்: "வீட்டில் அம்மா ஒத்துழைக்காவிட்டால் எந்தப் பயிற்சியும் வேலை செய்யாது." 1,980 வெள்ளியையும் வாங்கிக்கொண்டு பழியும் என் தலையில்! புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலிருந்தும் தூக்கிவிட்டார்கள்.

அரசாங்க மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரப்பிஸ்டிடம் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர்) இந்தச் செயலியைக் காட்டினேன். ஞாபக விளையாட்டு விளையாடும் பிள்ளை பெரும்பாலும் அந்த விளையாட்டில்தான் தேறும், சப்பாத்துக்கும் புத்தகப் பைக்கும் அது உதவுவது குறைவு, ஆய்வுகளிலும் அப்படித்தான் தெரிகிறது என்றார். காலை வேலைகளைப் படமாக ஒட்டி, சப்பாத்து வைக்கும் இடத்திலேயே பழக்கச் சொன்னார்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. இன்றைக்கே கட்டு என்றால் கட்டாதீர்கள். செயலியைப் பிள்ளை தொட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். தெரப்பிஸ்ட் என்று சொன்னால் 774-ஆவது சட்டத்தின் கீழ் (தெரப்பிஸ்ட் போன்ற மருத்துவத் துணைத் தொழிலர்களுக்கான சட்டம்) உள்ள பதிவைக் கேளுங்கள். கோச் (வழிகாட்டி) என்பவருக்கு அந்தப் பதிவே தேவையில்லை, அதனால்தான் ஆளாளுக்குக் கோச்! பேசியதை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பயனீட்டாளர் ட்ரிபுனலில் (நுகர்வோர் வழக்குகளை விசாரிக்கும் மன்றம்) மனு போடுகிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம். இதே ஆட்களிடம் ஏமாந்தவர்கள் ரசீதோடு தனிச்செய்தியில் வாருங்கள், பெயரை அங்கே சொல்கிறேன்.